பன்னிரண்டு பழைய நிறங்களும் ஒரு மோசமான கையேடும்: வாட்டர்கலர் பெட்டி விமர்சனம்

கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் படம் வரைய ஒரு நல்ல வாட்டர்கலர் செட் தேடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். இந்தக் காசுக்கு ஆர்ட்டிஸ்ட் கிரேடு டியூப்களே ஒரு டஜன் வாங்கிவிட்டு, மிச்சத்தில் நல்ல பருத்திப் பேப்பரும் வாங்கலாம். பழைய ஓவியங்களைப் பார்க்கும்போது மரியாளின் அங்கிக்கு மட்டும் ஏன் இவ்வளவு நீலம், இந்தப் பக்கத்து ஆளின் முகம் ஏன் பச்சை பாய்ந்து கிடக்கிறது என்று யோசிக்கிற ஆள் நீங்கள் என்றால் மேலே படியுங்கள், உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

"வரலாற்று நிறங்கள்" என்று பேர் போட்டு ஐரோப்பாவில் சின்னச் சின்னப் பட்டறைகள் இப்படிப் பெட்டி போட்டு விற்கின்றன. கல்லையும் மண்ணையும் பூச்சியையும் கையால் அரைத்து, வேலம்பிசினும் தேனும் கலந்து, அரை பேன் (நிறக் கட்டி வைக்கும் சின்னக் கிண்ணம்) அளவில் ஊற்றிக் காயவைத்துத் தருகிறார்கள். நான் வாங்கியது எந்தப் பட்டறை என்று எழுதப்போவதில்லை. ஒரு புகார் இருக்கிறது, அது அவர்களுக்கும் எனக்கும் நடுவில் இன்னும் முடியவில்லை. தவிர, இந்த மாதிரிப் பெட்டிகளில் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரே சமாச்சாரம்தான் என்பதால், நீங்கள் எதை வாங்கினாலும் கீழே எழுதியிருப்பது பொருந்தும். விலை அதிகம். அதற்கு மேல் கஸ்டம்ஸ் வரி வேறு, அதைக் கணக்கில் சேர்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

பெட்டி தகரம், மூடி நன்றாக இறுகுகிறது, உள்பக்கம் பேலட்டாகப் பயன்படும். மஞ்சள் மண், காவி, பச்சை மண், மலகைட் (பச்சைக் கல்), அசுரைட் (நீலக் கல்), லாபிஸ் (இதுவும் நீலக் கல்), சாதிலிங்கம் (சிவப்பு), மஞ்சிட்டி (வேர்ச் சிவப்பு), கோச்சினீல் (பூச்சிச் சிவப்பு), அவுரி, எலும்புக் கரி, இந்தியன் எல்லோ என்று பன்னிரண்டு. இதில் இரண்டு அசல் கிடையாது, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கையேடு. எட்டுப் பக்கம், வழவழ தாள், படிக்கப் படிக்க எரிச்சல். சிவப்பு என்றால் காதலும் கோபமும், நீலம் என்றால் அமைதி, பச்சை என்றால் நம்பிக்கை. வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் விற்பவர்கள் கொடுக்கும் அட்டையில் இருப்பதைத்தான் "கலை வரலாற்றில் நிறங்களின் பொருள்" என்று தலைப்புப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். நீலம் அமைதியாம். மெக்சிகோவின் சிச்சென் இட்சாவில் பழைய மாயா மக்கள் பலிகொடுக்கிற ஆளுக்கு நீலம் பூசித்தான் கொடுத்தார்கள். அங்கிருக்கும் புனிதக் கிணற்றின் அடியில் சுமார் 14 அடிக்கு நீல வண்டல் படிந்து கிடந்தது, எறிந்த பொருட்களிலிருந்தும் ஆட்களிலிருந்தும் கழன்று இறங்கிய நிறம் அது. எகிப்தில் இறந்தோர் உலகத்துத் தெய்வமான ஒசிரிஸின் முகம் பச்சை. செத்தவன் திரும்ப எழுவதற்கும், வெள்ளம் வடிந்தபின் கறுப்பு மண்ணில் முளைப்பது தலைநீட்டுவதற்கும் அது அடையாளம், அதை "நம்பிக்கை" என்று ஒற்றைச் சொல்லில் அடைத்தால் பாதி போய்விடுகிறது. பைசாண்டிய (கிழக்கு ரோமப் பேரரசின்) ஐகான்களில், அதாவது புனிதப் படங்களில், மரியாள் பெரும்பாலும் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த அங்கியில்தான் இருப்பாள், அது ராஜ குடும்பத்து நிறம். மேற்கு ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டுவாக்கில்தான் அவளுடைய அங்கி நீலமாக மாறத் தொடங்குகிறது. ஒரே பெண், ஒரே மதம், நிறம் மட்டும் மாறுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம் என்று எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் செல்லுபடியாகிற பட்டியல் கிடையாது. அந்த நிறம் எங்கிருந்து வந்தது, என்ன விலை, எத்தனை வருஷம் தாங்கும் என்பதுதான் அதற்கு என்ன பொருள் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது. வேடிக்கை என்னவென்றால், கையேடு சொல்லாத இதைப் பெட்டியில் இருக்கும் நிறங்களே சொல்லிவிடுகின்றன.

லாபிஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் விலையில் பெரும்பங்கு இந்த ஒரு பேனுக்குத்தான் போகிறது என்று நினைக்கிறேன், தனியாக வாங்கப் பார்த்தால் தெரியும். ஆப்கானிஸ்தானில் பதக்ஷான் மலைப் பக்கம் சார்-இ-சங் சுரங்கத்திலிருந்து வந்த கல்தான் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவுக்குப் போனது. கல்லை வெறுமனே பொடித்தால் நீலம் வராது, சாம்பல்தான் வரும், ஏனென்றால் நீலத்தோடு வெள்ளைக் கால்சைட்டும் பொன் மாதிரி மின்னும் பைரைட்டும் கலந்திருக்கிறது. அதனால் 1400-ஐ ஒட்டி எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி ஒரு வழி சொல்கிறார்: பொடியை மெழுகும் பிசினும் சேர்த்து மாவு போல உருட்டி, சாம்பல் காரத் தண்ணீருக்குள் வைத்துக் குச்சியால் அழுத்திப் பிசைய வேண்டும். நீலம் மட்டும் இறங்கித் தண்ணீரில் படியும், அழுக்கு மாவிலேயே தங்கிவிடும். முதல் பிசையலில் வருவதுதான் உயர்ந்தது, கடைசியில் வருவது வெளிறிய சாம்பல் நீலம், அதற்கும் தனி விலை வைத்து விற்றார்கள்.

இந்தப் பெட்டியில் இருப்பது முதல் பிசையல் இல்லை. நடுவில் எங்கோ எடுத்தது. என்னிடம் ஏற்கெனவே இருக்கும் சாதாரண செயற்கை அல்ட்ராமரீன் டியூபையும் (லாபிஸிலிருந்து எடுக்கிற நீலத்துக்கும் அல்ட்ராமரீன் என்றுதான் பேர்) இதையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தாளில் பூசினேன். டியூப் கண்ணில் அறைகிறது. லாபிஸ் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது, காய்ந்ததும் துகள்கள் தாளின் குழிகளில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பது தெரிகிறது, சாய்த்துப் பார்த்தால் ஒன்றிரண்டு மினுக்குகின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ரசாயனப்படி இரண்டும் ஒன்று, லேபிளில் இரண்டுக்கும் PB29 என்ற ஒரே நிறமிக் குறியீடுதான் போடுவார்கள். 1824-இல் பிரான்ஸில் கிலோ 300 பிராங்குக்கு மேல் போகாமல் செயற்கை அல்ட்ராமரீன் செய்து காட்டுகிறவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று அறிவித்தார்கள். 1828-இல் கிமே என்பவருக்கு அந்தப் பரிசு போனது. அதற்குப் பிறகு யாருடைய அங்கிக்கும் நீலம் அடிக்கலாம் என்றாகிவிட்டது. இன்றைக்கு ஸ்கூல் பையன் டப்பாவில் கிடக்கிறது.

அதற்கு முன்னால் நிலைமை எப்படி என்றால், 1485-இல் ஃப்ளாரன்ஸில் அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் பலிபீட ஓவியத்துக்காக ஓவியர் கிர்லாண்டாயோ போட்ட ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸ் சுமார் 4 ஃப்ளோரின் (தங்கக் காசு) மதிப்புள்ள அல்ட்ராமரீனாக இருக்க வேண்டும் என்று எழுதியே வாங்கியிருக்கிறார்கள். கல்யாண நகைக்கு 916 முத்திரை கேட்கிற மாதிரிதான். மரியாளின் அங்கியில் நீலத்தைப் பார்த்த அந்தக் காலத்து ஆளுக்கு அமைதி ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ, யார் எவ்வளவு செலவழித்திருக்கிறார்கள் என்று கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். பக்தியும் பணமும் அங்கே ஒன்றாகத்தான் பூசப்பட்டிருக்கிறது. டச்சு ஓவியர் ஃபெர்மீர் 17-ஆம் நூற்றாண்டு டெல்ஃப்டில் உட்கார்ந்து மரியாளுக்குப் பதிலாக ஒரு பெண்ணின் தலைத் துணிக்கு இதே நீலத்தை அள்ளிப் பூசினார், முத்துக் காதணிப் பெண் படத்தில் இருப்பது இதுதான். 1675-இல் சாகும்போது மனுஷருக்குக் கடன் இருந்தது. நீலத்தால் மட்டுமே கடன் வந்தது என்று சொல்லவில்லை.

எனக்கு இந்தப் பெட்டியிலேயே பிடித்தது லாபிஸ் இல்லை, அசுரைட். செம்புத் தாது. லாபிஸ் வாங்க வசதியில்லாத இடத்தில் இதைத்தான் பூசினார்கள், அல்லது கீழே அசுரைட் போட்டு மேலே மெல்லிசாக லாபிஸ் பூசிக் காசை மிச்சம் பிடித்தார்கள். இதன் குணமே விசித்திரம். நைசாக அரைத்தால் நிறம் வெளிறிப் போகும், கொரகொரப்பாக விட்டால்தான் ஆழ்ந்த நீலம். இந்தப் பட்டறைக்காரர்கள் கொரகொரப்பாகவே விட்டிருக்கிறார்கள், அதற்கு முழு மார்க். ஆனால் பேனில் ஈரப் பிரஷ்ஷை வைத்தால் மணல் மாதிரி உரசும், தண்ணீர் நிறையச் சேர்த்தால் துகள் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும், சமமாக ஒரு வாஷ் (நீர்த்த பூச்சு) போடவே முடியாது. நல்ல சேபிள் முடிப் பிரஷ்ஷை இதில் நுழைக்காதீர்கள், முனை தேய்ந்துவிடும். ஒரு மலையை மட்டும் வரைந்து, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது என்று மேலே மேலே ஏற்றிப் பாருங்கள். 1113-இல் சீன ஓவியர் வாங் ஷிமெங் வரைந்த "ஆயிரம் லி ஆறுகளும் மலைகளும்" சுருளில் (கிட்டத்தட்ட 12 மீட்டர் நீளம், பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வரைந்தபோது அவருக்கு வயது 18 என்கிறார்கள்) மலை உச்சிகள் ஏன் நகைக் கல் போல இருக்கின்றன என்று அப்போது கைக்குப் புரியும். அது கல்லைப் போல் வரைந்த மலை இல்லை, அசுரைட்டும் மலகைட்டும் அடுக்கடுக்காக ஏற்றிய கல்லேதான். மலகைட் பேனும் இதே ரகம், இன்னும் வெளிறியது, தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சிவப்புக்கு வருவோம். கோச்சினீல் மெக்சிகோ கள்ளிச் செடியில் ஒட்டி வாழும் பூச்சி. ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். ஸ்பெயின்காரர்கள் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் விற்றார்கள், இது பூச்சியா விதையா என்று ஐரோப்பாவில் மற்றவர்கள் ரொம்ப காலம் குழம்பிக்கொண்டிருந்தார்கள். ஈரத் தாளில் இதை விட்டுப் பாருங்கள், ரத்தம் மாதிரி, கொஞ்சம் ஊதா கலந்து பரவும். பெட்டியிலேயே பார்த்தவுடன் மயக்குகிற நிறம் இதுதான்.

மயங்க வேண்டாம். எல்லா நிறத்தையும் பட்டை பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் கோடை முழுக்க ஒட்டி வைத்திருந்தேன். சென்னை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிரித்துப் பார்த்தால் மண் நிறங்கள், அசுரைட், லாபிஸ் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மஞ்சிட்டி ஒரு சுற்று இறங்கியிருக்கிறது. கோச்சினீல் வெயில் பட்ட பாதியில் பழைய தேநீர்க் கறை அளவுக்குத்தான் மிச்சம். இந்த ஒரு பட்டையைப் பார்த்தபின் வான் கோவின் படுக்கையறை ஓவியம் வேறு மாதிரித் தெரிகிறது. 1888-இல் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் சுவர்கள் வெளிர் ஊதா என்கிறார். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் சுவர் நீலம். ஊதாவில் இருந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் போய்விட்டது, நீலம் மட்டும் நின்றுவிட்டது. ஊதாச் சுவருக்கும் மஞ்சள் கட்டிலுக்கும் நடுவில் அவர் போட்ட கணக்கு, எதிரெதிர் நிறங்களை உட்காரவைத்து ஓய்வு தோன்றச் செய்கிற கணக்கு, இப்போது இருக்கும் படத்தில் பாதிதான் வேலை செய்கிறது. அந்த நீலத்தை வைத்துக்கொண்டு அவருடைய மனநிலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883-இல் வரைந்த மதாம் கிளாபிசோன் படத்திலும் இதே கதை: சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தில் மட்டும் பளீரென்று சிவப்பு தப்பியிருந்தது, வெளியே தெரிந்த பின்னணி முழுக்கச் சோகையாகிவிட்டது.

ஆக, அருங்காட்சியகத்தில் ஒரு நிறத்துக்குப் பொருள் சொல்வதற்கு முன் அது அந்த நிறமாகத்தான் இருந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பச்சை மண் பேனும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. தனியாகப் பூசினால் சப்பென்ற நிறம், பாசி பிடித்த தொட்டித் தண்ணீர், யாரும் விரும்பி எடுக்க மாட்டார்கள். 13, 14-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மனித முகத்துக்கு அடியில் இதைத்தான் பூசினார்கள், மேலே இளஞ்சிவப்பு ஏற்றினால் பச்சை அடியிலிருந்து தாங்கிப் பிடித்துத் தோலுக்கு உயிர் கொடுக்கும். செய்து பார்த்தேன், காவியும் துளி கோச்சினீலும் மேலே போட்டதும் கன்னம் கன்னமாகிறது. பல பழைய மரியாள்களின் மேல்பூச்சு தேய்ந்தும் மங்கியும் போனதால் இன்று அவர்கள் காய்ச்சல் வந்தவர்கள் மாதிரிப் பச்சையாக நிற்கிறார்கள். வரைந்தவர் நினைத்தது அதை இல்லை.

இனி அசல் இல்லாத இரண்டு. சாதிலிங்கம் என்று மூடியில் எழுதியிருக்கிறது, பேனின் அடியில் பொடி எழுத்தில் PR254. அசல் சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும், ரோமர்கள் ஸ்பெயினில் அல்மடேன் சுரங்கத்திலிருந்து எடுத்து வந்து பணக்காரர் வீட்டுச் சுவரில் பூசினார்கள், விலை பவுண்டுக்கு 70 செஸ்டர்ஸுக்கு (ரோம நாணயம்) மேல் போகக் கூடாது என்று சட்டமே இருந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். விஷம் என்பதால் மாற்றுப் போட்டது நியாயம்தான். அதே காரணத்தால் அரிதாரம் என்கிற ஆர்சனிக் மஞ்சளும் ஈய வெள்ளையும் பெட்டியில் இல்லை, நல்லது. ஆனால் PR254 என்பது 1980-களில் வந்த கார் பெயிண்ட் சிவப்பு. 2007-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் வரைந்தது என்று சொல்லப்பட்ட சில ஓவியங்களைச் சோதித்தபோது அதில் ஒன்றில் கிடைத்தது இதே சிவப்பு. பொல்லாக் 1956-இலேயே இறந்துவிட்டார். அந்த நிறத்தை "வரலாற்று நிறங்கள்" என்ற பெட்டியில் வைத்து விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். மூடியிலேயே "மாற்று" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்தியன் எல்லோவும் மாற்றுத்தான், வெறும் நவீன மஞ்சள். கையேட்டில் மட்டும் மாட்டு மூத்திரக் கதை முக்கால் பக்கம். கதை பொய் இல்லை. 1883-இல் டி. என். முகர்ஜி என்பவர் பீகாரில் முங்கேர் பக்கம் மாட்டுக்கு மாவிலை போட்டு, மூத்திரத்தைக் காய்ச்சி மஞ்சள் உருண்டை செய்வதை நேரில் பார்த்ததாக எழுதி, மாதிரியும் லண்டனுக்கு அனுப்பினார். இடையில் பலர் இது கட்டுக்கதை என்றார்கள். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக இருக்கும் அந்த மாதிரியைச் சமீபத்தில் சோதித்ததில் விலங்கின் மூத்திரத்தோடு ஒத்துப்போகும் பொருள் கிடைத்திருக்கிறது. கதையைச் சொல்லட்டும், ஆனால் கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மஞ்சளைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்வது கொஞ்சம் ஓவர்.

அவுரி நன்றாக இருக்கிறது, அடர்த்தி, பச்சை இழையோடும் இருட்டு நீலம். இதற்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி, அவுரி திண்டிவனம் பக்கம் இன்னும் விளைகிறது, தூளாகவே வாங்கி வேலம்பிசினில் நீங்களே அரைத்துக்கொள்ளலாம். மாயா நீலமும் அவுரிதான், ஒரு வகைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கியதால் அமிலம் ஊற்றினாலும் போகாத அளவுக்குக் கெட்டிப்பட்டது. அதையும் ஒரு பேனாகச் சேர்த்திருந்தால் இந்தப் பெட்டி எங்கேயோ போயிருக்கும். மஞ்சள் மண்ணும் காவியும் பற்றிக் குறை சொல்ல முடியாது, தென்னாப்பிரிக்காவின் பிளாம்பாஸ் குகையில் ஒரு லட்சம் வருஷத்துக்கு முன் சிப்பியில் குழைத்து வைத்த சமாச்சாரம், இன்னும் கெட்டுப் போகவில்லை. எலும்புக் கரி சுமார்.

கெட்டுப் போனது மஞ்சிட்டி. புகார் என்றேனே, அது இதுதான். தேன் சேர்த்த பேன்கள் நம் ஊர் ஈரப்பதத்தில் காயவே மாட்டேன் என்கின்றன, ஐப்பசி மழையில் பெட்டியைத் திறந்தால் மஞ்சிட்டி மேல் வெள்ளையாகப் பூஞ்சை, பக்கத்துக் கோச்சினீலிலும் புள்ளி புள்ளியாக. எழுதிக் கேட்டால், ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொல்லி பதில். சென்னையில் மழைக்காலத்தில் ஈரமில்லாத இடம் எது என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. பூஞ்சையைப் பஞ்சால் துடைத்து, ஒரு துளி கிராம்பு எண்ணெய் தடவி, மூடியைத் திறந்தே ஃபேன் காற்றில் வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு வரவில்லை. சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

முழுப் பெட்டி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இதே பட்டறைகள் பெரும்பாலும் தனி பேனும் விற்கின்றன. அசுரைட், பச்சை மண், கோச்சினீல் மூன்றும் போதும், லாபிஸ் காசு இருந்தால். கோச்சினீலில் வரைந்ததைச் சுவரில் மாட்டாமல் நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் விற்காதீர்கள். ஓவிய வகுப்பு நடத்துகிறவர்கள் இருந்தால் மட்டும் முழுப் பெட்டியாக வாங்கலாம், பத்துப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பட்டை பூசி ஜன்னலில் ஒட்டினாலே ஒரு வருஷப் பாடம் நடந்துவிடும். வாங்கும் முன் லேபிளில் PR, PB என்று தொடங்கும் குறியீடுகளைப் பட்டறைக்காரரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள், தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். நிறங்களுக்கு 5-க்கு 4. மறைத்து வைத்த மாற்றுகளுக்காக ஒன்று குறைத்து 3. கையேட்டுக்கு மார்க் கிடையாது, பிரஷ் துடைக்கக்கூட வழவழ தாள் உதவவில்லை.